திருப்பதிப் பக்கம் சேஷாசலம் காட்டு வழியாகக் காரில் போகலாமா? செம்மரக் கடத்தல்காரர்கள் நடமாட்டம் அதிகமாமே?

பகலில் தாராளமாகப் போகலாம். எனக்கு ஊர் ஆந்திராவில் நகரி, வீட்டில் தமிழ், தொழில் பழ வியாபாரம். மாங்காயும் பப்பாளியும் எடுக்க ரயில்வே கோடூர் போவதால் ரேணிகுண்டா, மாமண்டூர், பாலப்பள்ளி ரோடு நன்றாகப் பழக்கம். வழிப்பறி பயமெல்லாம் கிடையாது. செம்மரம் கடத்துகிறவனுக்கு உங்கள் பர்ஸ் எதற்கு? யார் கண்ணிலும் படாமல் சரக்கை இறக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் கவலை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ராத்திரியில் தமிழ் பேசும் நாலு ஆண்கள் அந்தப் பக்கம் வந்தால், மரம் வெட்ட வந்த கூலிகள் என்றுதான் முதலில் நினைப்பார்கள். காரணம் இல்லாமல் இல்லை. ஜவ்வாது மலை, கல்வராயன் மலைப் பக்கத்து ஆட்களைப் புரோக்கர்கள் முன்பணம் கொடுத்துக் கூட்டி வருகிறார்கள். அரிசி, புளி, மிளகாய்த்தூள் மூட்டையோடு காட்டில் நாள்கணக்கில் கிடந்து, மரத்தை வெட்டி, மேல்பகுதியைச் செதுக்கித் தள்ளிவிட்டு, சிவந்த வைரக்கட்டையை மட்டும் தோளில் சுமந்து இறங்குவார்கள். தண்ணீரில் போட்டால் மூழ்கும், அத்தனை கனம். சீனா வரை போகிற சரக்கில் இவர்களுக்குக் கிடைப்பது கூலி மட்டுமே.

2015 ஏப்ரல் 7 அன்று இந்த மலையில் 20 தமிழர்களை ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. கல்லாலும் கோடாரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். உயிர் தப்பிய ஒருவர் சொன்னது வேறு கதை: பஸ்ஸில் வந்தவர்களை வழியிலேயே இறக்கிக் கொண்டு போனார்களாம். பக்கத்து சீட்டில் ஒரு பெண் இருந்ததால் கணவன் மனைவி என்று நினைத்துத் தன்னை விட்டுவிட்டார்களாம்.

ஒரு சோதனையில் என் டிரைவரிடம் ஆர்.சி. புக்கைக்கூடக் கேட்கவில்லை. உள்ளங்கையை விரிக்கச் சொல்லி டார்ச் அடித்தார்கள். அப்புறம் சட்டையை விலக்கித் தோளைப் பார்த்தார்கள். பழக்கூடை தூக்கிக் காய்த்துப்போன தோள் வேறு! "ஏ ஊரு?" என்றதும் நான் இறங்கிப் போய், "நகரி சார், மாமிடி வியாபாரம்" என்று மண்டி ரசீதை நீட்டினேன். விட்டுவிட்டார்கள். தெலுங்கு தெரியாமல், ரசீதும் இல்லாமல் இருந்தால் விடிய விடிய அங்கேதான்.

அதனால் இருட்டுவதற்குள் காட்டைத் தாண்டிவிடுங்கள். தங்கும் ரூம் ரசீது, தரிசன டிக்கெட் ஏதாவது கையில் இருக்கட்டும். வழியில் கைகாட்டும் ஆட்களை ஏற்றாதீர்கள், பாவமாகத்தான் இருக்கும். கண்மண் தெரியாமல் வண்டிகள் வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். கடத்தல்காரர்கள் முன்னால் வழி பார்க்க ஒரு பைலட் கார், பின்னால் செம்மரம் ஏற்றிய வண்டி என்று வருவார்கள், நிறுத்தவே மாட்டார்கள். 2024 பிப்ரவரியில் மறித்த காவலர் ஒருவர் மேலேயே ஏற்றிக் கொன்றார்கள்.

தலகோனா அருவி (270 அடி) அவசியம் பாருங்கள். ஆனால் பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்க வேண்டாம். மதனப்பள்ளி ரோட்டில் பாகராபேட்டை மலைப்பாதை வளைவுகளில் நிதானம் தேவை. 2022-ல் நிச்சயதார்த்தத்துக்குப் போன கோஷ்டியின் பஸ் அங்கேதான் பள்ளத்தில் விழுந்தது. என்னைக் கேட்டால் கடத்தல்காரனைவிட அந்த வளைவுகளுக்குத்தான் பயப்பட வேண்டும்.

திரும்பும்போது திருப்பதியில் கொலுவுக்கு மரப்பாச்சி வாங்கினால், செம்மரமா என்று கேட்டுப் பில்லோடு வாங்குங்கள்.