வாசகர் கேள்வி பதில்: பற்றும் தேரும்

கேள்வி: வாழ்க்கையே துக்கம் என்று சொல்லும் பௌத்தம் மனிதனைச் சோர்ந்துபோகச் செய்யாதா? அதன் அடிப்படைக் கொள்கைகளை விளக்குங்கள்.
(வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: துக்கம் என்ற முதல் சொல்லோடு நிறுத்திக்கொண்டால் அப்படித்தான் தோன்றும், புத்தர் அதோடு நிறுத்தவில்லை. 29 வயதில் வீட்டைத் துறந்து, 35 வயதில் கயையில் ஞானம் பெற்ற அவர், சாரநாத்தில் ஐந்து துறவிகளுக்கு ஆற்றிய முதல் உரையில் நான்கு வாய்மைகளைக் கூறினார். துக்கம் உண்டு, அதற்கு வேட்கையே காரணம், காரணம் ஒழிந்தால் துக்கமும் ஒழியும், ஒழிப்பதற்கு ஒரு வழி உண்டு என்பவையே அவை. மணிமேகலைக் காப்பியத்தில், பௌத்தத் துறவியான அறவண அடிகளின் உபதேசமாக மாதவி எடுத்துரைக்கும் வரிகளில் இந்த உண்மை செறிந்து கிடக்கிறது: ‘பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம், பிறவார் உறுவது பெரும்பேர் இன்பம், பற்றின் வருவது முன்னது, பின்னது அற்றோர் உறுவது.’

இதில் ‘பற்று’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சோற்றுப் பானையின் அடியில் காய்ந்து ஒட்டியிருப்பதையும் நம் வீடுகளில் அதே சொல்லின் பேச்சு வடிவமாக ‘பத்து’ என்றே சொல்கிறோம். அது பானையின் இயல்பு அன்று. ஊற வைத்துத் தேய்த்தால் போய்விடும். மனத்தில் ஒட்டியிருப்பதும் அவ்வாறே போகக்கூடியது என்று உறுதியாகச் சொல்லும் சமயத்தைச் சோர்வின் சமயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. தேய்க்கும் முறைதான் எண்வகை மார்க்கம்: சரியான காட்சி, எண்ணம், பேச்சு, செயல், பிழைப்பு, முயற்சி, விழிப்பு, மன ஒருமை. புலன் இன்பத்தில் மூழ்காமலும் உடலை வருத்தாமலும் செல்வதால் இது நடுவழி எனப்படுகிறது.

கேள்வி: ஆன்மா இல்லை என்கிறது பௌத்தம். அப்படியானால் மறுபடி பிறப்பது யார்?
(வாசகி, திருநெல்வேலி டவுண்)

பதில்: மிலிந்தன் என்ற கிரேக்க அரசனும் இதே ஐயத்தை நாகசேனர் என்ற துறவியிடம் எழுப்பினான். அவர் அவன் ஏறிவந்த தேரைக் காட்டி, “இதில் தேர் எது?” என்று திருப்பிக் கேட்டார். ஆனித் திருவிழாவில் ரத வீதியில் நெல்லையப்பர் தேரைக் கண்ட உங்களுக்கு இந்தக் கேள்வி எளிதில் புரியும். சக்கரம் தேரா? அச்சா? அடுக்கடுக்கான மரச்சட்டங்களா? மேலே அசையும் தேர்ச்சீலையா? கைகள் காய்த்துப்போக இழுக்கிறோமே, அந்த வடமா? ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து வைத்துவிட்டால் ‘தேர்’ என்று தனியாக ஒன்று மிஞ்சுவதில்லை. ஆனால் அனைத்தும் சேர்ந்திருக்கும்போது அந்தப் பெயர் பொருந்துகிறது. அதுபோலவே உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து கந்தங்களின், அதாவது தொகுதிகளின், சேர்க்கையைத்தான் ‘நான்’ என்று அழைக்கிறோம். அவற்றுக்கு அப்பால் மாறாத ஒன்று இல்லை என்பதே அனாத்ம வாதம்.

அப்படியானால் எது தொடர்கிறது? திருக்கார்த்திகை அன்று ஓர் அகலின் சுடரிலிருந்து இன்னோர் அகலை ஏற்றுகிறோம். இரண்டாவது சுடர் முதல் சுடரே அன்று. அதற்குத் தொடர்பில்லாததும் அன்று. வினையின் தொடர்ச்சியும் இவ்வாறானது என்றார் நாகசேனர்.

கேள்வி: துறவு பூணாமல், குடும்பத்தில் இருந்தபடியே பௌத்தத்தைப் பின்பற்ற இயலுமா?
(வாசகர், தென்காசி)

பதில்: இயலும். புத்தம், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளைச் சரணடைந்து, கொல்லாமை, திருடாமை, முறையற்ற காமம் விலக்கல், பொய்யாமை, மது அருந்தாமை என்னும் பஞ்சசீலத்தை ஏற்பதே இல்லறத்தாருக்குரிய தொடக்கம். இவை மேலிருந்து இடப்பட்ட கட்டளைகள் அல்ல. “விலகியிருக்கும் பயிற்சியை மேற்கொள்கிறேன்” என்று ஒருவர் தாமே எடுத்துக்கொள்ளும் உறுதிகள். ஐந்தில் மிகக் கடினமானது பொய்யாமை என்பது என் எண்ணம், ஏனெனில் அதை மீறுவதற்கான வாய்ப்பு நாள்தோறும் நாவின் நுனியில் நிற்கிறது. இவற்றோடு தானம் செய்வதும், அமைதியாக அமர்ந்து மூச்சு உட்புகுவதையும் வெளியேறுவதையும் கவனித்திருக்கும் தியானமும் சேரும். நம் மக்கள் விசாகத்துக்குத் திருச்செந்தூருக்கு நடக்கும் வைகாசி நிறைமதியை ஒட்டியே, புத்தரின் பிறப்பு, ஞானம், பரிநிர்வாணம் என்னும் இறுதி மறைவு ஆகிய மூன்றையும் பௌத்தர்கள் கொண்டாடுகிறார்கள்.

கேள்வி: கழுகுமலைப் பாறையில் இருப்பவை புத்தர் உருவங்கள்தாமே?
(வாசகர், கோவில்பட்டி)

பதில்: அல்ல. அவை சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள். அமர்ந்த நிலை ஒத்திருப்பதால் பலரும் குழம்புகிறார்கள். தலைக்கு மேல் முக்குடை இருந்து, உடலில் ஆடை இல்லாவிட்டால் அவர் தீர்த்தங்கரர்; மார்பின் குறுக்கே சீவரம் என்னும் துறவாடையின் விளிம்பும், உச்சியில் முடிச்சுப் போன்ற புடைப்பும் தெரிந்தால் அவர் புத்தர். நெல்லைச் சீமையில் பௌத்தத்தின் நினைவைத் தேடுவோர் மேற்கே பொதிகையைப் பார்க்கலாம். அந்த மலைக்குரியவராக நாம் போற்றும் அகத்தியர், புத்தநிலையை நோக்கிச் செல்லும் போதிசத்துவர்களில் ஒருவரான அவலோகிதரிடம் தமிழைக் கேட்டு உலகுக்கு உரைத்தார் என்று, 11ஆம் நூற்றாண்டில் வீரசோழியம் இயற்றிய பௌத்தரான புத்தமித்திரர் தம் இலக்கண நூலில் பாடியிருக்கிறார்.