கடையில் நின்ற பேருந்து, தவறிய விமானம்: யார் பொறுப்பு?

கேள்வி: நானும் என் மனைவியும் கோவையில் உள்ள ஒரு சுற்றுலா நிறுவனத்தில் இருவருக்குமாக 3,60,000 ரூபாய் கட்டி, குழுவோடு சீனா சென்று இரண்டு வாரத்துக்கு முன் திரும்பினோம். சியானில் சனிக்கிழமை சுடுமண் வீரர் சிலைகளின் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, மாலை 6.50 விமானத்தில் பெய்ஜிங் செல்ல வேண்டும். வழியில், பயணத்திட்டத்திலேயே இல்லாத ஒரு ஜேடு கல் கடையில் பேருந்தை 1 மணி 20 நிமிடம் நிறுத்தினார்கள். விமான நிலையத்தை அடைந்தபோது செக்-இன் கவுன்டர் மூடியிருந்தது. மறுநாள் நண்பகல் விமானத்துக்கு ஆளுக்கு 1,480 யுவானும், இரவு தங்கிய செலவும் எங்கள் கையிலிருந்து போயின. ஞாயிறு காலை பார்க்க வேண்டிய அரண்மனை அருங்காட்சியகமும் தவறியது. திங்களன்று அதற்கு விடுமுறை. தாமதத்துக்குச் சாலை நெரிசலே காரணம், அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல, வேண்டுமானால் நுழைவுக் கட்டணம் 60 யுவானைத் தருகிறோம் என்கிறது நிறுவனம். சியான் பாதுகாப்புச் சோதனையில் என் பவர் பேங்கையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். விமான நிறுவனத்தின் மீது வழக்குப் போடலாமா?

பதில்: விமான நிறுவனத்தை விட்டுவிடுங்கள். சீனாவில் 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, விமான நிறுவனத்தின் சொந்தக் காரணத்தால் தாமதமோ ரத்தோ ஏற்பட்டால் உணவும் தங்குமிடமும் அது தர வேண்டும். உங்கள் விமானமோ குறித்த நேரத்தில் புறப்பட்டிருக்கிறது, நீங்கள்தான் அங்கே இல்லை. அங்கே இல்லாமல் போனதற்கு யார் காரணம் என்பதே உங்கள் வழக்கு.

நீங்கள் பணம் கட்டியதும் ஒப்பந்தம் செய்ததும் கோவை நிறுவனத்தோடு. சியானில் பேருந்தை நிறுத்தியவர் அந்த நிறுவனம் அமர்த்திய உள்ளூர் முகவரின் ஆள் என்பதால், அவர் செய்த பிழை உங்களைப் பொறுத்தவரை கோவை நிறுவனத்தின் சேவைக் குறைபாடே. "நாங்கள் வெறுமனே டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர்கள்" என்று அவர்கள் பதில் மனுவில் சொல்லக்கூடும். அப்படியானால், உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு என்ற தலைப்பில் டிசிஎஸ் என்ற, விற்பவரே வசூலிக்கும் வரியை உங்களிடம் பிடித்துக் கட்டியிருந்தால், எதை விற்றோம் என்பதை அவர்களே வருமான வரித் துறையிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நெரிசல் என்ற வாதமும் இங்கே நிற்காது. சுடுமண் வீரர் அருங்காட்சியகம் சியானுக்குக் கிழக்கே லின்டோங்கில் இருக்கிறது, விமான நிலையம் நகருக்கு வடமேற்கே சியான்யாங்கில் இருக்கிறது. மாலை நேரத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக வேண்டும் என்று தெரிந்தே, இடையில் 1 மணி 20 நிமிடத்தைக் கடைக்குக் கொடுத்தவர், பிறகு சாலையைக் குறை சொல்ல முடியாது. 2013-இல் நடைமுறைக்கு வந்த சீனச் சுற்றுலாச் சட்டத்தின் 35-ஆம் பிரிவே, பயணிகளின் சம்மதமோ வேண்டுகோளோ இல்லாமல் குறிப்பிட்ட கடைகளுக்கு அழைத்துச் செல்வதைத் தடுக்கிறது. அங்கே ஏதாவது வாங்கியிருந்தால், பயணம் முடிந்த 30 நாளுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெற்றுத் தருமாறு கேட்கும் உரிமையும் அதே பிரிவில் உண்டு. உங்களுக்கு இன்னும் இரண்டு வாரமே இருப்பதால், கடிதத்தை இன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள். பொருள் எதுவும் வாங்கவில்லை என்றாலும், குழுவில் யாராவது வாங்கியிருந்தால் அவரிடம் அந்த ரசீதைக் கேளுங்கள். அதில் அச்சாகியிருக்கும் நேரம், பேருந்து எத்தனை மணிக்கு எங்கே நின்றது என்பதற்கு எந்தச் சாட்சியையும்விட வலுவானது.

அடுத்து, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. ஒப்பந்தத்தில் மும்பை நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் என்று எழுதியிருந்தாலும், 34-ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. காலக்கெடு 2 ஆண்டு. முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். பயணத்திட்டத் தாள், வாட்ஸ்அப் குழுவில் வழிகாட்டி அனுப்பிய செய்திகள், புதிய டிக்கெட், விடுதி ரசீது ஆகியவற்றை இணையுங்கள். தொலைபேசியிலிருந்து எடுத்தவற்றுக்கு பாரதிய சாட்சிய அதினியத்தின் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுகளுக்குத் தர வேண்டிய சான்றிதழையும் சேர்த்துவிட்டால் பிறகு தகராறு வராது.

60 யுவானை இறுதித் தீர்வாக ஏற்றுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அரண்மனை அருங்காட்சியகத்தின் கோடைக்கால நுழைவுச் சீட்டு அந்த விலைதான். ஆனால் உங்கள் இழப்பு ஒரு சீட்டு அல்ல. பாஸ்போர்ட் எண்ணோடு முன்பதிவு செய்தால்தான் உள்ளே போக முடியும், திங்களன்று மூடியிருக்கும் என்பதெல்லாம் தெரிந்த நிறுவனம், ஞாயிற்றுக்கிழமையை விட்டால் மாற்று நாளே இல்லாத ஒரு திட்டத்தை உங்களுக்கு விற்றிருக்கிறது. எனவே டிக்கெட், தங்கும் செலவு ஆகியவற்றோடு, இழந்த நாளுக்குத் தொகுப்பு விலையில் உரிய பங்கு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். பத்து லட்சம் என்று கேட்பவர்களை ஆணையம் எப்படிப் பார்க்கிறது என்பதை நேரில் கண்டவன் என்ற முறையில், அளவோடு கேட்கச் சொல்வேன்.

பவர் பேங்கை மனுவில் சேர்க்க வேண்டாம். சீன உள்நாட்டு விமானங்களில் 3சி என்ற சீனத் தரச்சான்று முத்திரை இல்லாத பவர் பேங்குகளுக்கு 2025 ஜூன் 28 முதல் தடை இருக்கிறது. புறப்படும் முன் நிறுவனம் அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கடையையும் விமானத்தையும் விட்டுவிட்டு, அந்த ஒன்றைப் பற்றியே அரைமணி நேரம் பேசுவார்.