பிறந்தநாளை நிறுத்த வேண்டாம், கூட்டத்தை நிறுத்துங்கள்

கேள்வி: என் மகனுக்கு அடுத்த மாதம் 27 வயது முடிகிறது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் இருக்கிறது. இரண்டு மூன்று வார்த்தை சேர்த்துப் பேசுவான், தன் வேலைகளை முக்கால்வாசி தானே பார்த்துக்கொள்வான். போன வருஷம் சின்னதாக ஒரு மண்டபம் எடுத்து சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டோம். பலூன், பாட்டு, கைதட்டல். கேக் வெட்டும் நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய் பாத்ரூமில் தாழ்போட்டுக்கொண்டான். வெளியே அழைத்து வருவதற்குள் எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். “அவனுக்கு என்ன தெரியும், எதுக்கு இந்தச் செலவு” என்று என் நாத்தனார் என் காதுபடவே சொன்னார். இனிமேல் வேண்டாம், ஏதாவது ஒரு இல்லத்தில் சாப்பாடு போட்டுவிடலாம் என்கிறார் கணவர். கோயிலில் அர்ச்சனையோடு நிறுத்திக்கலாம் என்கிறாள் மகள். இவனோ தினமும் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது “பர்த்டே, கேக்” என்கிறான். உண்மையைச் சொன்னால், அவனுக்கு வயது கூடக்கூட எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கொண்டாடுவதா, விட்டுவிடுவதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: கொண்டாடுங்கள் சகோதரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தினமும் காலையில் தாளைக் கிழித்துவிட்டு “பர்த்டே, கேக்” என்று சொல்கிற ஒருவருக்கு, தன் பிறந்தநாள் வரப்போகிறது என்பது நன்றாகவே தெரிந்திருக்கிறது. அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு நீங்கள் வேறு பதில் சொல்ல வேண்டியதே இல்லை. போன வருஷம் கெட்டுப்போனது அந்த மண்டபமும் கூட்டமும்தான். அதற்காகப் பிறந்தநாளையே எடுத்துவிடக் கூடாது.

அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று கொஞ்சம் அவர் பக்கம் நின்று பாருங்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் நிறையப் பேருக்குச் சத்தம் நமக்குக் கேட்பதுபோல் கேட்பதில்லை. நமக்குப் பின்னணியில் ஒதுங்கிவிடுகிற ஃபேன் சத்தம், பாத்திரச் சத்தம், பத்துப் பேர் பேச்சு எதுவும் அவர்களுக்கு ஒதுங்காது, எல்லாம் ஒரே அளவில் உள்ளே வந்து இறங்கும். எதிரொலிக்கிற மண்டபம், அதில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் பாடிக் கைதட்டுகிறார்கள், சுற்றிலும் பலூன். பலூன் வெடித்தால்தான் பயம் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் எந்த நொடியில் வெடிக்குமோ என்று காத்துக்கொண்டே இருப்பதுதான் பலருக்கு அதைவிடப் பெரிய வேதனை. அந்த இடத்தில் கதவு சாத்தக்கூடிய, சின்ன, அமைதியான அறை பாத்ரூம் ஒன்றுதான். அதைத் தானே கண்டுபிடித்துப் போய் தாழ்போட்டுக்கொண்டார். எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிகிறது. யாரையும் அடிக்கவில்லை, எதையும் தள்ளிவிடவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொண்டார்.

அதனால் இந்த வருஷம் வீட்டிலேயே வையுங்கள். காலையில், அவர் நன்றாகத் தூங்கி எழுந்து தெளிவாக இருக்கிற நேரத்தில், மொத்தமே முக்கால் மணி நேரம். அவருக்குப் பிடித்தவர்கள் ஐந்தாறு பேர் போதும். அந்த ஐந்தாறு பேர் யார் என்று அவரிடமே கேளுங்கள். ஃபோனில் உள்ள ஃபோட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டினால், யார் முகத்தைப் பார்த்ததும் பெயர் சொல்கிறார், யாரைத் தள்ளிவிடுகிறார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பட்டியலில் நாத்தனார் இல்லாமல் போனால் போகட்டும். பகலெல்லாம் போய்வருகிற பயிற்சி மையத்தின் ஆயா இருக்கலாம், தெருமுனை டீக்கடைக்காரர் இருக்கலாம். 27 வயது ஆளுக்குத் தன் விருந்துக்கு யார் வரவேண்டும் என்று சொல்கிற உரிமை உண்டு.

கேட்கிற விதத்தில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. “என்ன வேணும்?” என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராமல் போகலாம், ஆகவே இரண்டைக் காட்டிக் கேளுங்கள். ஆனால் “பிரியாணியா, பரோட்டாவா?” என்றால் நாம் கடைசியாகச் சொன்ன வார்த்தையையே திருப்பிச் சொல்கிற பழக்கம் இவர்களில் பலருக்கு உண்டு. “பரோட்டா” என்றார் என்று உடனே ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து “பரோட்டாவா, பிரியாணியா?” என்று மாற்றிக் கேளுங்கள். அப்போதும் பரோட்டா என்றால் அதுதான் அவர் விருப்பம். இல்லையென்றால் இரண்டின் படத்தையும் முன்னால் வைத்து, எதை எடுக்கிறார் என்று பாருங்கள். கேக், சட்டை, எந்தக் கோயில் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

கேக்கில் கார்ட்டூன் பொம்மை போடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். அவரே படம் பார்த்து அதைத்தான் தொட்டார் என்றால் தாராளமாகப் போடுங்கள், நாற்பது வயதிலும் கார்ட்டூன் பார்ப்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அவரைக் கேட்காமலேயே “குழந்தைதானே” என்று நாமே பொம்மையும் பலூனும் தொப்பியும் முடிவு செய்வது வேறு. மீசை வைத்த பிள்ளையை மடியில் உட்காரச் சொல்லுவதும் கன்னத்தைக் கிள்ளுவதும் வேண்டவே வேண்டாம். முந்தின நாள் அவர் அப்பாவோடு சலூனுக்குப் போய் முடிவெட்டி ஷேவ் செய்துகொண்டு வரட்டும், அவருக்குப் பிடித்தால் கொஞ்சம் சென்ட்டும் போட்டுக்கொள்ளட்டும். புதுச் சட்டையைக் கஞ்சி விறைப்போடு போட்டுவிடாதீர்கள், கழுத்துப் பட்டையில் இருக்கிற லேபிளை ஒட்ட வெட்டிவிட்டு, ஒரு தடவை அலசிக் காயவைத்து, அப்புறம் ஓரத்தில் மஞ்சள் தடவிக் கொடுங்கள். தோலில் உறுத்துகிற அந்த லேபிள் ஒன்றே சிலருக்கு நாள் முழுவதையும் கெடுத்துவிடும்.

சர்ப்ரைஸ் எதுவும் வைக்காதீர்கள். என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் அவருக்குச் சந்தோஷம். ஒரு வாரத்துக்கு முன்பே ஒரு அட்டையில் வரிசையாகப் படங்களை ஒட்டி ஃப்ரிட்ஜில் மாட்டுங்கள்: குளியல், புதுச் சட்டை, சாமி கும்பிடுவது, அத்தை மாமா வருவது, கேக், சாப்பாடு. இதோடு நிறைய வீடுகளில் நிறுத்திவிடுகிறார்கள். கடைசியாக இன்னும் ஒரு படம் வேண்டும்: எல்லாரும் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிற படம். இந்த ஆரவாரம் முடியும் என்று தெரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம், எப்போது முடியும் என்றே தெரியாவிட்டால் யாரால்தான் முடியும்? தினமும் அதைக் காட்டிச் சொல்லுங்கள். பாட்டை மெல்லிய குரலில் ஒரு தடவை பாடுங்கள், கைதட்ட வேண்டாம். நடுவில் எழுந்து தன் அறைக்குப் போனால் பின்னாலேயே ஓடாதீர்கள், திரும்பி வந்தால் கேக் இருக்கும், வராவிட்டால் அறைக்கே ஒரு துண்டு போகும்.

உங்கள் கணவர் சொன்ன இல்லத்துச் சாப்பாட்டைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது. நல்ல மனதோடுதான் சொல்கிறார். சிறப்புப் பள்ளிகளிலும் இல்லங்களிலும் வேலை பார்த்த வருஷங்களில் நான் அடிக்கடி பார்த்தது இது: யாரோ ஒருவரின் பிறந்தநாளுக்கு மதியச் சாப்பாடு வரும், பிள்ளைகள் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத அந்த ஒருவருக்காகப் பாட்டுப் பாடி, ஃபோட்டோவுக்கு நின்று, அப்புறம்தான் சாப்பிடுவார்கள். இப்படி ஊராருக்கெல்லாம் பாடுகிற அவர்களில் பலருக்குச் சொந்தப் பிறந்தநாள் தேதியை யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள். உங்கள் மகனும் வாழ்க்கை முழுக்க வாங்குகிற பக்கமே நிறுத்தப்பட்டவர். ஒரு நாளாவது கொடுக்கிற பக்கம் நிற்கட்டும். இல்லத்துக்குச் சாப்பாடு போடுவதென்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு வரிசைக்காவது அவர் கையால் லட்டு வைக்கட்டும். யாரும் பாட வேண்டாம் என்று நிர்வாகியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது அதிகம் என்று தோன்றினால், பக்கத்து நாலு வீடுகளுக்குச் சாக்லேட் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். கதவைத் திறக்கிறவர் “ஹேப்பி பர்த்டே தம்பி” என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வாரே, அது மண்டபத்தில் நாற்பது பேர் கத்தியதைவிடப் பெரிது.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். எங்களுக்குப் பிறகு யார் என்பதுதானே? இந்தப் பயம் இல்லாத பெற்றோரை நான் பார்த்ததில்லை, அது போய்விடும் என்று பொய் சொல்லவும் மாட்டேன். கூடப் படித்த பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் ஆகிக் குழந்தை பிறக்கிற வயதில் இவர் மெழுகுவர்த்தி ஊதும்போது அம்மாவுக்குத் தொண்டை அடைக்கத்தான் செய்யும். அழுகை வந்தால் அழுங்கள். ஆனால் அந்தக் கவலைக்கு வேறு ஒரு நாள் ஒதுக்குங்கள், அன்றைக்குக் கொஞ்சம் காகித வேலை பாருங்கள். 18 வயது முடிந்துவிட்டால் பெற்றோர்கூட சட்டப்படி தானாகப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1999-ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையில் இருக்கும் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் சான்று வாங்க வேண்டும். இதே அறக்கட்டளையின் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. கலெக்டர் ஆபீஸ் போகும்போது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இரண்டையும் கேளுங்கள், மகளையும் கூட அழைத்துப் போங்கள். நாளைக்கு அலையப்போவது அவள் என்றால் இன்றைக்கே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், அவளுக்கு எவ்வளவு முடியும் எவ்வளவு முடியாது என்பதையும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

அர்ச்சனையைப் பற்றி மகள் சொன்னதும் சரிதான், அதை ஏன் விட வேண்டும், கூட்டம் இல்லாத காலை நேரத்தில் அவர் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்துவிட்டு வாருங்கள். அர்ச்சனையோடு நிறுத்திவிடாதீர்கள் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

வருகிறவர்களுக்கு முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். நேரில் சொன்னால் மனத்தாங்கல் வரும், எழுத்தில் இருந்தால் பேச்சு வளராது. இப்படி எழுதலாம்: “தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள். காலை பத்து மணிக்கு வீட்டில் கேக் வெட்டுகிறான், பத்தே முக்கால் வரை உங்களோடு இருப்பான். சத்தம் அவனுக்கு ஆகாது, அதனால் பலூனும் கைதட்டலும் வேண்டாம். அவனாக வந்து கைகொடுத்தால் கொடுங்கள், கட்டிப்பிடிக்க வேண்டாம். உள்ளே போய்விட்டால் தப்பாக நினைக்காதீர்கள். ஹேப்பி பர்த்டேவை எங்களிடம் சொல்லாமல் அவனிடம் சொல்லுங்கள், பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுப்பான், காத்திருங்கள்.” இதை உங்கள் மகளே தன் நம்பரிலிருந்து அனுப்பட்டும்.