தொழிற்பயிற்சி எல்லோருக்கும் சமமாகக் கிடைக்க நகர நிர்வாகத்திடம் எதைக் கேட்க வேண்டும்?

உங்கள் நகர நிர்வாகம் புதிய திறன் பயிற்சித் திட்டம் ஒன்றை வகுக்கவிருக்கிறது என்றும், குடியிருப்போர் சார்பில் மனு அளிக்கப் போகிறீர்கள் என்றும் எழுதி, அதில் எதை முதலில் வலியுறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்சிக்கு ஆட்களைச் சேர்ப்பதும், சேர்ந்தவர்கள் பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுமான பணியில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பயிற்சிக் காலத்தில் ஒருவர் இழக்கும் கூலியை யார் ஈடுகட்டுவது என்ற கேள்வியை மனுவின் முதல் பத்தியிலேயே வையுங்கள். மற்ற கோரிக்கைகள் அதற்குப் பிறகு வரட்டும்.

பெரும்பாலான மனுக்கள் கூடுதல் மையங்களையும் கூடுதல் இடங்களையும் கட்டண விலக்கையும் கேட்கின்றன. இவை தேவையானவைதான்; நிர்வாகங்களும் இவற்றை எளிதில் தந்துவிடுகின்றன. ஆனால் காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை ஆறு மாதம் நடக்கும் ஒரு இலவச வகுப்பில் யாரால் உட்கார முடியும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஆறு மாதமும் தன்னை வைத்துச் சோறு போட ஒரு குடும்பம் உள்ளவரால் முடியும். அன்றாடக் கூலியில் வீட்டு வாடகை கட்டும் துப்புரவுப் பணியாளராலோ, இரவுப் பணி முடித்து விடியற்காலையில் வீடு திரும்பும் காவலாளியாலோ, குழந்தையை விட்டுச்செல்ல இடமில்லாத தாயாலோ முடியாது. விண்ணப்பப் படிவம் எல்லோருக்கும் ஒன்றே என்பதால் திட்டம் சமமானது என்று அறிக்கை எழுதிவிடலாம். பயிற்சி யாருக்கு மிகவும் தேவையோ அவர்கள் அந்தப் படிவத்தை நிரப்பவே வரமாட்டார்கள். வந்து சேர்ந்தவர்களிலும், நான் பார்த்த வரையில், பாடம் கடினமாக இருந்து நின்றவர்கள் சிலர்தான். வாடகை, குழந்தை, பேருந்துச் செலவு, வீட்டில் யாருக்காவது நோய் என்பவைதாம் பலரை நிறுத்தின.

இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்ட நகரங்களில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள சான் அன்டோனியோவை நீங்கள் படித்தறிய வேண்டும். 1990இல் அங்கே லீவை ஸ்ட்ராஸ் நிறுவனம் தன் ஆடைத் தொழிற்சாலையை மூடியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். நகரில் புதிதாக உருவாகி வந்த மருத்துவத் துறை வேலைகளுக்கு உரிய தகுதிச் சான்று அவர்களிடம் இல்லை. தேவாலயங்களை அடித்தளமாகக் கொண்ட இரண்டு மக்கள் அமைப்புகள் முதலாளிகளிடமும் நகர நிர்வாகத்திடமும் பேசி, 1992இல் ‘புராஜெக்ட் குவெஸ்ட்’ என்ற திட்டத்தை உருவாக்கின. கல்லூரிக் கட்டணத்தோடு நூல்களுக்கும் போக்குவரத்துக்கும் அது உதவியது; கணக்கிலும் வாசிப்பிலும் பின்தங்கியவர்களுக்கு முன்தயாரிப்பு வகுப்புகள் நடத்தியது; வாரந்தோறும் ஓர் ஆலோசகர் பயிற்சி பெறுவோரைக் குழுவாகச் சந்தித்தார். பிற்காலத்தில் மருத்துவத் துறைப் பயிற்சிக்கு விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வு ஒன்று, ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் திட்டத்தில் சேர்ந்தவர்கள் மற்றவர்களைவிட ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் கூடுதலாக ஈட்டினார்கள் என்று கண்டது. பயிற்சித் திட்டங்களின் பலன் இரண்டு மூன்று ஆண்டுகளில் கரைந்துபோவதே வழக்கம் என்பதால் இது அரிய முடிவு.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. உங்கள் மனுவுக்கு அதுவே முக்கியம் என்று கருதுகிறேன். தொடக்கக் காலத்தில், அதாவது படித்துக்கொண்டிருந்தபோது, பயிற்சியில் சேர்ந்தவர்களின் வருமானம் சேராதவர்களின் வருமானத்தைவிடக் குறைவாகவே இருந்தது. பின்னால் வரப்போகும் உயர்வு எவ்வளவு பெரிதானாலும், இடையில் வரும் அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடிந்தவருக்கே அது கிடைக்கும். கையில் சேமிப்போ தாங்கிப் பிடிக்க உறவோ இல்லாதவருக்கு அந்தப் பள்ளத்தை நகரம்தான் நிரப்பித் தர வேண்டும்.

அது செய்யக்கூடியதே என்பதற்குச் சிங்கப்பூர் சான்று. 2015இல் தொடங்கிய ‘ஸ்கில்ஸ்ஃபியூச்சர்’ இயக்கத்தின் கீழ், 25 வயது நிறைந்த குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் பயிற்சிக் கட்டணத்திற்கென 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வழங்கப்பட்டது. 2024இல் 40 வயது நிறைந்தவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி தரப்பட்டது. கட்டணத்தை மட்டும் ஏற்பது போதாது என்று உணர்ந்து, நடுவயதில் முழுநேரப் பயிற்சிக்குச் செல்வோருக்கு அவர்களின் முந்தைய சராசரி வருமானத்தில் பாதியை, மாதம் 3,000 வெள்ளி என்ற உச்சவரம்புக்குள், அதிகபட்சம் 24 மாதங்களுக்கு வழங்கும் ஏற்பாட்டை 2025இல் அந்த அரசு கொண்டுவந்தது. சிங்கப்பூர் நகரமும் நாடும் ஒன்றேயானது, அதன் கருவூலம் பெரிது என்று அதிகாரிகள் மறுப்புச் சொல்லலாம். அப்படிச் சொன்னால், சான் அன்டோனியோ வாக்காளர்கள் 2020 நவம்பரில் விற்பனை வரியில் ஒரு டாலருக்கு எட்டில் ஒரு சென்ட் அளவை வேலைப் பயிற்சிக்கென ஒதுக்க ஒப்புதல் தந்ததை எடுத்துக்காட்டுங்கள். அது ஒரு நகரத்தின் முடிவு.

அடுத்ததாக, திட்டத்தின் வெற்றியை எதைக்கொண்டு அளப்பார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டின் வேலைப் பயிற்சிக் கூட்டாண்மைச் சட்டத்தின் கீழ், வேலை பெற்றோர் விகிதம், அவர்களின் ஊதியம் போன்ற அளவுகோல்களைக் கொண்டு உள்ளூர் பயிற்சி அமைப்புகள் மதிப்பிடப்பட்டன. நன்றாகச் செயல்பட்டால் ஊக்கத்தொகையும் உண்டு. இதனால், பயிற்சியே இல்லாவிட்டாலும் விரைவில் வேலை கிடைத்துவிடக்கூடியவர்களைத் தேடிச் சேர்க்கும் தூண்டுதல் அந்த அமைப்புகளுக்கு ஏற்பட்டது என்பதைப் பல பொருளியல் ஆய்வாளர்கள் விவாதித்திருக்கிறார்கள். இதில் யாரையும் கெட்ட எண்ணம் கொண்டவர் என்று சொல்ல வேண்டியதில்லை. வேலைவாய்ப்பு விகிதத்துக்கு மட்டும் பணம் தரும் நகரத்தில், நல்ல மனம் படைத்த மேலாளர்கூட, பள்ளிப் படிப்பை முடிக்காத ஐம்பது வயதுக்காரரைச் சேர்க்கும்முன் தயங்குவார். பிற்காலத்து 2014ஆம் ஆண்டுச் சட்டம், சேர்க்கப்பட்டவர்களின் பின்னணியையும் உள்ளூர்ப் பொருளாதார நிலையையும் கணக்கில் கொண்டு இலக்குகளைத் திருத்தியமைக்கும் முறையைக் கட்டாயமாக்கியது. உங்கள் மனுவிலும் இதைக் கேளுங்கள்: யார் சேர்ந்தார்கள், யார் நின்றார்கள், ஓராண்டு கழித்து யார் அதே வேலையில் இருக்கிறார்கள் என்பவை வயது, பாலினம், மாற்றுத்திறன், வசிக்கும் பகுதி வாரியாகப் பிரித்து வெளியிடப்பட வேண்டும். கூட்டு எண்ணிக்கை மட்டும் தரப்பட்டால் விடுபட்டவர்கள் அதற்குள் மறைந்துபோவார்கள்.

பயிற்சி முடித்தவருக்கு வேலை இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததே. நகரம் தானே பெரிய வேலை கொடுப்போர். கட்டடம், சாலை, கழிவுநீர், பேருந்து என்று அது விடும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், புதிய பணியிடங்களில் ஒரு பங்கைப் பயிற்சி முடித்த உள்ளூர்வாசிகளுக்குத் தர வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்க்க முடியும். 2001இல் லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டேபிள்ஸ் சென்டர் அரங்கை ஒட்டிய பெருந்திட்டத்திற்கு, அப்பகுதி மக்கள் அமைப்புகள் கட்டுமான நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் உள்ளூர்வாசிகளுக்குப் பாதி வேலைகள் என்ற இலக்கு எழுதப்பட்டது. அனுமதி வழங்கப்படுவதற்கு முன்பு கேட்டதால் அது கிடைத்தது. டெண்டர் திறந்த பிறகு இப்படிக் கேட்டால் யாரும் செவிகொடுக்க மாட்டார்கள்.

ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களையும் மறந்துவிடாதீர்கள். பல ஆண்டுகளாக மின்கம்பி இழுப்பவரையும் குழாய் பதிப்பவரையும் முதல் பாடத்திலிருந்து உட்காரவைப்பது அவர்களின் கூலியை வீணாக்குவது. செய்முறைத் தேர்வு வைத்து, தெரிந்ததற்குச் சான்று கொடுத்து, தெரியாத பகுதிக்கு மட்டும் பயிற்சி தர வேண்டும்.

உங்களுக்குக் கிடைக்கப்போகும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: உதவித்தொகையும் குழந்தைகள் காப்பகமும் சேர்த்தால் அதே பணத்தில் குறைவானவர்களுக்கே பயிற்சி தர முடியும் என்பார்கள். அது உண்மை, மறுக்க வேண்டாம். ஆயிரம் பேரைச் சேர்த்து, அவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், முடித்தவர்களில் எத்தனை பேர் இந்தத் திட்டம் இல்லாவிட்டாலும் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று சொல்லாத கணக்கோடு அதை ஒப்பிடச் சொல்லுங்கள். அதற்கு முன்பாக ஒரு வேலை இருக்கிறது. முந்தைய திட்டத்தில் பாதியில் நின்றவர்களைத் தேடிச் சென்று, எந்த வாரத்தில், எதனால் நின்றார்கள் என்று கேட்டு எழுதி, விரும்புபவர்களின் ஒப்புதலோடு அதை மனுவுடன் இணையுங்கள். திட்டக்குழுவில் முதலாளிகளுக்கும் பயிற்சி நிறுவனங்களுக்கும் இடம் ஒதுக்கப்படும்போது, இப்படிப் பாதியில் நின்றவர்களில் இருவருக்காவது, போய்வரும் செலவும் அன்றைய கூலியும் தந்து, வாக்குரிமையுள்ள இருக்கைகளைக் கேளுங்கள்.