தூள் பாக்கெட்டோடு வந்த பொம்மை

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. பிறந்தநாளுக்கு அவன் சித்தப்பா ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்தார். ஏதோ தொடரில் வரும் போதைப்பொருள் வியாபாரியாம். ஒரு கையில் பணப்பை, இன்னொரு கையில் நகக்கண் அளவுக்கு ஒரு தூள் பாக்கெட். "பொம்மைதானே அண்ணி, இதனால கெட்டுப்போயிடுவானா?" என்கிறார். என் கணவரும் அவர் பக்கம்தான். நான் வீணாகப் பதறுகிறேனா?

பதில்: வீணாக இல்லை, சகோதரி. ஆனால் உங்கள் கொழுந்தனார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு பொம்மை மட்டும் எந்தப் பிள்ளையையும் போதைக்கு இழுத்துக்கொண்டு போய்விடாது.

இந்தப் பொம்மைக்கு நெருங்கிய உறவு என்றால் சிகரெட் வடிவில் வரும் சிகரெட் மிட்டாய்தான். சிறுவயதில் அதைச் சாப்பிட்டதாகச் சொன்ன பெரியவர்களிடையே புகைத்தவர்கள் அதிகம் என்று 2007-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. மிட்டாய்தான் பழக்கிவிட்டதா, புகைக்கும் வீடுகளில் அந்த மிட்டாய் அதிகம் புழங்கியதா என்று அதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, புகையிலைப் பொருள் வடிவத்தில் சிறுவரைக் கவரும் மிட்டாயையும் பொம்மையையும் தடுக்கச் சொல்கிறது. எனக்கு அது சரியென்றே படுகிறது.

என் மனதைவிட்டு அகலாதது 2005-ல் வெளியான இன்னோர் ஆய்வு. 2 முதல் 6 வயது வரையுள்ள 120 குழந்தைகளிடம் ஆளுக்கொரு பொம்மையைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், சாப்பிட ஒன்றுமில்லை, கடைக்குப் போய் வாங்கி வா என்பதுதான் விளையாட்டு. குட்டிக் கடையின் அலமாரியில் சாப்பாட்டுச் சாமான்களோடு சிகரெட்டும் மதுவும் இருந்தன. 28 சதவீதக் குழந்தைகள் சிகரெட் எடுத்தார்கள். மதுவை எடுத்தவர்கள் ஏறக்குறைய 62 சதவீதம். புகைக்கும் பெற்றோரின் பிள்ளைகள் சிகரெட் எடுக்கும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். பார்த்ததை அப்படியே விளையாடியிருக்கிறார்கள்.

அதனால் நான் பொம்மையைவிட அதைச் சுற்றி நிற்கும் பெரியவர்களின் முகத்தைத்தான் கவனிப்பேன். அந்தத் தொடரில் அந்த ஆள் என்ன ஆனான் என்பது உங்கள் மகனுக்குத் தெரியாது. அவன் கண்ணில் படுவது கெத்தாக நிற்கும் ஓர் ஆள், கையில் பை நிறையப் பணம், அதைப் பார்த்துச் சிரிக்கும் அப்பாவும் சித்தப்பாவும். இதைத்தான் உங்கள் கணவரிடம் சொல்ல வேண்டும்.

பொம்மையைப் பிடுங்கிப் பரணில் போடாதீர்கள். ஒளித்து வைத்த சாமான்மேல்தான் பிள்ளைக்கு ஆசை அதிகமாகும். பக்கத்தில் உட்கார்ந்து, "இவர் யாருடா? இந்தக் குட்டிப் பாக்கெட்டுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேளுங்கள். அவன் "சர்க்கரை" என்றுகூடச் சொல்லலாம். சொல்லி முடிக்கட்டும். அப்புறம், "இது உடம்பையும் மூளையையும் கெடுக்கிற சாமான். இந்த ஆள் அதை வித்துத்தான் பணம் சேர்த்தார். இது பெரியவங்க அலமாரியில வைக்கிற பொம்மை" என்று நிதானமாகச் சொன்னால் போதும். 8 வயதுக்குப் புரியும். இதே பதற்றத்தில் டாக்டர் செட்டில் இருக்கும் ஊசியையும் எடுத்துவிடாதீர்கள், அது நல்ல விளையாட்டு.

இதைவிட அவசரமான பாடம் ஒன்று உண்டு: என்னவென்று தெரியாத தூளோ மாத்திரையோ மிட்டாயோ, வீட்டில் கேட்காமல் வாயில் போடக்கூடாது. 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் கஞ்சா கலந்த தின்பண்டத்தைத் தெரியாமல் சாப்பிட்டதாக அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களில் 2017-ல் பதிவானவை 207. 2021-ல் அதுவே 3,054. அந்தப் பண்டங்களில் பல, பார்க்க வெறும் மிட்டாய் போலத்தான் இருக்கும்.

கொழுந்தனார் ஆசையாக வாங்கி வந்தது, அவரோடு சண்டை வேண்டாம். பையன் இல்லாத நேரத்தில், "தம்பி, இதை உங்க அறையிலேயே வச்சுக்கோங்க. அவனுக்கு வேற ஒண்ணு, அவனையே கூட்டிட்டுப் போய் வாங்கிக் கொடுங்க" என்று சொல்லிப் பாருங்கள்.