48 நாளில் மாத்திரையை நிறுத்தலாமா?

வாசகர் கேள்வி – பதில்

சேலம், ஏற்காடு பக்கத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், ஏதாவது ஒரு ஆரோக்கியப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. ஆகவே நோயோடு புத்தகத்தையும் சேர்த்தே சோதித்திருக்கிறோம்.

கேள்வி: வயது 54. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, வோக்ளிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை காலையும் இரவும் போடுகிறேன். புத்தகக் கண்காட்சியில் வாங்கிய ஒரு புத்தகம், அரிசி, கோதுமையை அடியோடு விட்டு முட்டை, கறி, பாதாம், தேங்காய் என்று சாப்பிட்டால் ஒரு மண்டலத்தில் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்கிறது. நம்பலாமா? – வாசகர், சூரமங்கலம்

பதில்: அதில் பாதி உண்மை. முழுப் பொய் என்றால் ஒரே வாரத்தில் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். பாதி உண்மைதான் ஆளைச் சாய்க்கும்.

உண்மையான பாதி இது. மாவுச்சத்தைக் குறைத்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறையும். மூன்றே நாளில் மீட்டரில் தெரியும். எடை நன்றாக இறங்கினால் டைப் 2 சர்க்கரை சிலருக்கு மாத்திரையே தேவைப்படாத நிலைக்குப் போவதும் நிரூபணமான விஷயம். பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான 'டைரக்ட்' ஆய்வில் தினம் 825 முதல் 853 கலோரி மட்டும் கொடுத்து, மூன்று முதல் ஐந்து மாதம் வைத்திருந்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) 6.5க்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் இது 86 சதவீதம். இரண்டாம் ஆண்டு முடிவில் 46 என்பது 36 ஆகிவிட்டது.

இனி விடுபட்ட பாதி. அந்த ஆய்வில் சேர்த்துக்கொண்டது சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களை, இன்சுலின் போடாதவர்களை, எடை கூடியவர்களை மட்டும். உங்களுக்கு ஒன்பது வருடம் ஓடிவிட்டது. நடக்கவே நடக்காது என்றில்லை, வாய்ப்பு குறைவு. அங்கே மாத்திரையை நிறுத்தியது மருத்துவக் குழு. எந்த அளவுக்குச் சர்க்கரை ஏறினால் திரும்பத் தொடங்குவது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். எடை குறைந்ததுதான் அங்கே வேலை செய்தது. மாவுச்சத்தை விட்டதற்குப் பதிலாகப் பாதாமும் தேங்காயும் வயிறு முட்டச் சாப்பிட்டு எடை அப்படியே நின்றால், அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

புத்தகத்தை எடைபோட முதல் அத்தியாயத்திலிருந்து படிக்காதீர்கள். 'யார் இதைச் செய்யக் கூடாது' என்ற பக்கம் இருக்கிறதா என்று தேடுங்கள். சிறுநீரகம் கெட்டவர், கர்ப்பிணி, இன்சுலின் போடுபவர், பித்தப்பைக் கல் உள்ளவர் என்று ஒருவரையும் விலக்காத புத்தகம் எல்லாருக்கும் ஒரே அளவில் சட்டை தைக்கிறது. அடுத்து, மாத்திரையை எப்படிக் குறைப்பது என்று மருந்தின் பெயர் சொல்லி எழுதியிருக்கிறதா, 'மாத்திரை விஷம்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டதா பாருங்கள். குணமானவர்கள் கதை பத்து இருந்தால், குணமாகாதவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வரியாவது வேண்டும். ஜெயித்தவர்தான் ஆசிரியருக்குக் கடிதம் போடுவார். தோற்றவர் பேசாமல் பழைய டாக்டரிடம் போய் நிற்பார்.

48 நாள் என்பதையும் பாருங்கள். ஹெச்பிஏ1சி என்பது ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையின் அளவு. அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். 48ஆம் நாளில் எடுக்கும் சோதனையில் பழைய சாப்பாட்டின் கணக்கும் கலந்தே இருக்கும். மண்டலம் விரதத்துக்குச் சரி; இந்தச் சோதனைக்கு மூன்று மாதம் வேண்டும்.

இப்போது அவசரமான விஷயம். உங்கள் மாத்திரையில் உள்ள கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தட்டி இன்சுலின் சுரக்க வைக்கும். சோற்றை நிறுத்திவிட்டு இதைப் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை 70க்குக் கீழே சரியும்: வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழப்பம். பஸ்ஸிலோ பைக்கிலோ போகும்போது வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே உணவை மாற்றும் நாளுக்கு முன்பே இந்த மருந்தின் அளவை டாக்டர் குறைத்திருக்க வேண்டும். மூன்றும் ஒரே மாத்திரையில் இருப்பதால் ஒன்றை மட்டும் குறைக்க வழியில்லை. தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: வோக்ளிபோஸ் போடுபவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் வீட்டுச் சர்க்கரையோ மிட்டாயோ உடனே வேலை செய்யாது. அது சர்க்கரையை உடைக்கும் நொதியைத் தடுக்கும் மருந்து. மருந்துக்கடையில் விற்கும் குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். 15 கிராம், அதாவது குவியலாக மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். ஒரு சின்னப் பொட்டலம் சட்டைப்பையில் இருக்கட்டும்.

சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகளான டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போடும் வேறு வாசகர்கள் இதைப் படித்தால்: மாவுச்சத்தை அடியோடு விடும் உணவுமுறை உங்களுக்கு இல்லவே இல்லை. ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும்; அப்போது மீட்டர் 200க்குக் கீழேகூடக் காட்டி ஏமாற்றும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

தொடங்கும் முன் ஹெச்பிஏ1சி, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை), சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், கொழுப்புச் சோதனை, கண் விழித்திரைப் பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள். கண் எதற்கு என்று கேட்கலாம். பல வருடம் ஏறிக் கிடந்த சர்க்கரையைத் திடீரென்று இறக்கினால், ஏற்கெனவே பாதித்த விழித்திரை சிலருக்கு மோசமாகும். கொழுப்பை மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். நெய்யும் தேங்காயும் கறியும் அதிகமான சாப்பாட்டில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு சிலருக்கு எகிறும். யாருக்கு என்று முன்னாலேயே சொல்ல முடியாது.

கேள்வி: மூன்று வேளையும் சாமைதான். அரிசியைத் தொட்டு ஆறு மாதம் ஆகிறது. சர்க்கரை இறங்கவே இல்லை. சாமையில் சர்க்கரையே கிடையாது என்று புத்தகத்தில் படித்தேன். – வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: புத்தகத்தை மூடிவிட்டுத் தராசை எடுங்கள். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். சாமையில் சுமார் 65. நார்ச்சத்து சாமையில் கூடுதல், அது நல்லதுதான். ஆனால் 'சிறுதானியம்தானே' என்று ஒரு கரண்டி கூடப் போட்டால் அந்த 13 கிராம் வித்தியாசம் அங்கேயே போய்விடும். 120 கிராம் சாமையும் 100 கிராம் அரிசியும் மாவுச்சத்தில் சமம்.

இரண்டாவது, எந்தச் சாமை? மலையில் உரலில் குத்திப் புடைத்த சாமை மங்கலாக, தவிட்டோடு இருக்கும். ரொம்ப நாள் வைத்தால் தவிட்டிலுள்ள எண்ணெய் கெட்டுச் சிக்குவாடை அடிக்கும். கடையில் வருவது பெரும்பாலும் மிஷினில் தீட்டியது, வெள்ளை வெளேர் என்று. தவிடு போனதால்தான் அது மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. நார்ச்சத்தும் தவிட்டோடு போயிற்று. மூன்றாவது, கஞ்சி. குழைய வேகவைத்துக் கரைத்துக் குடித்தால் எந்தத் தானியமும் வேகமாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். உதிரியாக வடித்து, பாதித் தட்டு காய்கறி, ஒரு கிண்ணம் பருப்பு அல்லது பச்சைப்பயறோடு சாப்பிடுவது வேறு, கஞ்சி வேறு.

உங்கள் உடம்பையே கேட்டுப் பார்க்கலாம். பச்சையாக 60 கிராம் சாமையை நிறுத்து எடுங்கள். சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை மீட்டரில் பாருங்கள். அடுத்த நாள் அதே வேளை, அதே குழம்பு, அதே மாத்திரை. சாமைக்குப் பதில் 60 கிராம் அரிசி. இப்படி மாற்றி மாற்றி மூன்று மூன்று நாள். நடுவில் நடைப்பயிற்சியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது.

மீட்டரிலும் 15 சதவீதம் வரை முன்னே பின்னே வரும். 160க்கும் 172க்கும் நடுவே வித்தியாசம் இருப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 40, 50 புள்ளி வித்தியாசம் மூன்று நாளும் வந்தால் அது நிஜம். குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். மாம்பழ சீசனில் இதை மறந்துவிட்டு, விரலில் ஒட்டிய சாற்றில் 300 வந்து அலறுகிறவர்கள் உண்டு. ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே வைக்காதீர்கள். மலை ஈரத்தில் ஸ்ட்ரிப் சீக்கிரம் கெடும்.

ஒரு சந்தேகம். விரத நாளில் ஜவ்வரிசி சாப்பிடுகிறீர்களா? சேலத்துச் சரக்குதான், ஆனால் அது மரவள்ளிக்கிழங்கிலிருந்து எடுத்த மாவுச்சத்து, ஏறத்தாழ வேறொன்றுமில்லை. ஜவ்வரிசி உப்புமாவுக்கு முன் அரிசியே எவ்வளவோ தேவலை.

கேள்வி: அப்பாவுக்குக் கிட்னி பிரச்னை. கிரியேட்டினின் 2.8. பிரஷருக்கு டெல்மிசார்டான் போடுகிறார். இயற்கை உணவுப் புத்தகம் ஒன்றில் தினம் ஒரு இளநீர், வாழைத்தண்டுச் சாறு, சாதா உப்புக்குப் பதில் இந்துப்பு என்று போட்டிருக்கிறது. பத்து நாளாகக் கொடுக்கிறோம். – வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: இளநீரையும் சாற்றையும் இன்றே நிறுத்துங்கள். இந்த வாரத்துக்குள் ரத்தத்தில் பொட்டாசியம் பாருங்கள். கால் தளர்ச்சி, படபடப்பு, மயக்கம் இருந்தால் காத்திருக்காமல் அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய் இசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.

'கிட்னி' என்ற ஒரே சொல்லில் இரண்டு நோயைப் புத்தகம் கலந்துவிட்டது. வாழைத்தண்டு, இளநீர் எல்லாம் கல்லுக்குச் சொல்லப்படுபவை. கல் உள்ளவருக்கு நீர் அதிகம் போவது நல்லது. உங்கள் அப்பாவுக்கு இருப்பது செயலிழப்பு. பொட்டாசியத்தை வெளியே தள்ள முடியாத சிறுநீரகம். ஒரு இளநீரிலேயே சுமார் 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டானும் பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்து. (அதற்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அது சிறுநீரகத்தைக் காக்கவும் கொடுப்பது.) ரத்தத்தில் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது 6ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். பல நேரம் வலியோ அறிகுறியோ இல்லாமல் வரும்.

இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். ரோஸ் நிறத்தால் பிரஷர் குறையாது. நாளைக்கு மொத்தம் 5 கிராம், ஒரு டீஸ்பூன், எந்த உப்பானாலும். 'லோ சோடியம்' என்று விற்கும் உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள், அது அப்பாவுக்கு இன்னும் ஆபத்து. நட்சத்திரப் பழம் ஒரு துண்டும் கூடாது; சிறுநீரகம் கெட்டவருக்கு அது மூளையைத் தாக்கும் நஞ்சு. கீரை, உருளைக்கிழங்கை என்ன செய்வது? பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் செய்யுங்கள். வேகவைத்த தண்ணீரில் சத்து இருக்கிறது என்று ரசத்தில் ஊற்றுவது நம் வழக்கம். இவர் விஷயத்தில் அந்தச் சத்துதான் வினை.

கேள்வி: தைராய்டு மாத்திரை போட்டும் டிஎஸ்ஹெச் (தைராய்டு போதாதபோது ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) குறையவில்லை. முட்டைக்கோஸை விட்டால் தைராய்டே போய்விடும் என்கிறது புத்தகம். – வாசகி, லேடீஸ் சீட் அருகில், ஏற்காடு

பதில்: வேகவைத்த முட்டைக்கோஸ் பொரியல் ஒன்றும் செய்யாது. காபி விளையும் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எங்களுக்குத் தோன்றிய கேள்வி: மாத்திரையைக் காபியோடு போடுகிறீர்களா? காபி அந்த மருந்து உடம்பில் சேருவதைக் குறைக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் காபி. சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. சோயா மாவு சேர்த்த சத்துமாவுக் கஞ்சியும் அப்படியே தள்ளி. இதை மட்டும் மாற்றி ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டிஎஸ்ஹெச் எடுங்கள். அதற்கு முன் எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம்.

கேள்வி: மூட்டுவலிக்கு ஒரு மூலிகைப் பொடி வாங்கினால் உணவுமுறைப் புத்தகம் இலவசம். பக்கவிளைவே இல்லை, மூன்றே நாளில் வலி போய்விட்டது. தொடரலாமா? – வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: மூன்றே நாளில் போனதுதான் எங்களைப் பயமுறுத்துகிறது. சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்த பொடி இப்படித்தான் வேலை செய்யும். முகம் உப்புகிறதா, பசி அதிகரித்திருக்கிறதா, சர்க்கரையும் பிரஷரும் ஏறியிருக்கிறதா பாருங்கள். பல வாரமாகச் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டை நிறுத்தி வைத்திருக்கும். பொடியையும் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.

டப்பாவில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தேதி, ஒவ்வொரு மூலிகையும் எவ்வளவு என்ற அளவு இருக்க வேண்டும். உணவுப் பொருள் என்று விற்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் 14 இலக்கம். உலோகங்களைப் புடம்போட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் சேர்ந்ததென்றால் கன உலோகமும் யோசிக்க வேண்டியது. அமெரிக்காவில் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்ததில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஏதாவது ஒன்று இருந்ததாக 2004இல் ஆய்வு வெளியானது. தீராத வயிற்றுவலி, மலச்சிக்கல், காரணம் தெரியாத ரத்தசோகை இருந்தால் ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள்.

சர்க்கரை, புற்றுநோய் உட்பட ஒரு பட்டியலில் உள்ள நோய்களைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. டப்பாவில் அடக்கி வாசித்துவிட்டு, இலவசப் புத்தகத்தில் 'அடியோடு குணம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்களா, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். அப்படி இருந்தால் பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள், புகார் கொடுக்க உதவும்.