ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வருமா? எனக்கு இடது மார்பில் சின்னதாக ஒரு கட்டி இருக்கிறது. வலி இல்லை. வீட்டில் சொல்லவில்லை. யாரைப் பார்ப்பது?

வரும். எங்கள் அப்பாவுக்கு வந்தது.

உங்கள் கேள்வியில் 'வீட்டில் சொல்லவில்லை' என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவும் சொல்லவில்லை. எட்டு மாதம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை, கணக்கு டீச்சர். 'அப்படியானால் ஆம்பளைகள் எல்லோரும் மேமோகிராம் (மார்பை எடுக்கும் எக்ஸ்ரே) எடுக்க ஓட வேண்டுமா' என்று கேட்டுக்கொண்டு ஒருவர் வருவார். வேண்டாம் சார். இந்த நோய் வருகிறவர்களில் அரையிலிருந்து ஒரு சதவீதம் பேர்தான் ஆண்கள். ஆண்களுக்கு மார்பில் வரும் வீக்கம் பெரும்பாலும் புற்றுநோயே இல்லை. ஹார்மோன் மாற்றம், சில மாத்திரைகள், கல்லீரல் கோளாறு, ஜிம்மில் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசி என்று அதற்குப் பல காரணம் உண்டு. அது காம்புக்கு நேர் அடியில் ரப்பர் மாதிரி இருக்கும், தொட்டால் வலிக்கும் என்பார்கள். உங்களுக்கோ வலி இல்லை. அதற்காகப் பயமுறுத்தவில்லை. தொட்டுப் பார்த்தே முடிவு கட்ட உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது என்றுதான் சொல்கிறேன்.

அப்பா பொள்ளாச்சி - பழனி ரூட்டில் தனியார் பஸ் கண்டக்டர். முப்பத்தோரு வருடம். தோல் பையின் வார் நெஞ்சுக்குக் குறுக்கே அழுத்திக்கொண்டே இருக்கும். கட்டி தட்டுப்பட்டதும், 'பை வார் உரசி உரசிக் காய்ச்சுப் போச்சு' என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். ரிட்டயர் ஆகி நாலு வருடம் ஆகியிருந்தது. நாலு வருடம் கழித்தா காய்க்கும் என்று கேட்க, அவர்தான் யாரிடமும் காட்டவில்லையே. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் துண்டோடு திண்ணையில் உட்காரும் மனுஷன், பனியனோடு குளிக்க ஆரம்பித்தார். கண் முன்னால்தான் நடந்தது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

கவனித்தது அம்மா, அதுவும் துணி துவைக்கும்போது. பனியனில் பழுப்பாக ஒரு கறை. வெற்றிலைச் சாறு என்று நினைத்து இரண்டு மூன்று தடவை தேய்த்துப் போட்டிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது மூன்று பனியனைக் கட்டிலில் வரிசையாக விரித்துக் காட்டினார். மூன்றிலும் ஒரே இடம், இடது பக்கம், மிளகு அளவு. 'வெத்தலச் சாறு தினமும் ஒரே எடத்துலயா கண்ணு விழும்?' என்றார்.

பிற்பாடு படித்தேன்: பாடகி பியான்சேயின் அப்பா மாத்யூ நோல்ஸும் சட்டையில் திரும்பத் திரும்ப ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்த்துத்தான் டாக்டரிடம் போனாராம். 2019-இல் அவரே வெளியே சொன்னார். அதைப் படித்துக் காட்டியதும் அப்பாவுக்கு ஒரே பெருமை.

முதலில் பார்த்த டாக்டர் தோல் அலர்ஜி என்று களிம்பு கொடுத்தார். இரண்டு மாதம் அதில் போனது. அவரைக் குறை சொல்லவில்லை, எத்தனை ஆண்களுக்கு அவர் இதைப் பார்த்திருப்பார். அப்புறம் கோயமுத்தூரில் ஒரு சர்ஜன். காம்பு உள்ளே இழுத்திருப்பதைப் பார்த்தார், அக்குளைத் தடவினார், அன்றைக்கே மேமோகிராமுக்கும் ஸ்கேனுக்கும் எழுதினார்.

ஸ்கேன் அறை வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். என்னைத்தான் நோயாளி என்று நினைத்து நர்ஸ் ஃபாரத்தை என் கையில் கொடுத்தார். அதில் 'கடைசி மாதவிலக்குத் தேதி' என்று ஒரு கட்டம். நான் விட்டுவிடலாம் என்றேன். அப்பாவோ ட்ரிப் ஷீட்டில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுப் பழக்கமில்லாத ஆள். பேனாவை வாங்கி 'பொருந்தாது' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

ஊசி போட்டு எடுத்த சதைப் பரிசோதனையில் உறுதியானது. ஆபரேஷன், அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள், கீமோ, பதினைந்து நாள் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை). ஆண்களுக்கு வருவது பெரும்பாலும் ஹார்மோனைப் பிடித்து வளர்கிற வகையாம். அதனால் அந்த ஹார்மோனைத் தடுக்க ஐந்து வருடத்துக்குத் தினம் ஒரு டாமாக்சிஃபென் மாத்திரை. அதைச் சாப்பிட்டால் உடம்பு திடீர் திடீரென்று எரியும். அப்பா ஃபேனுக்கு அடியில் பனியனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றபோது அம்மா சொன்னது: 'நிக்கற வயசுல எனக்கு இதே மாதிரி எரிஞ்சப்ப, ஏசி வேணுமான்னு கேட்டீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?'

செலவில் பெரும்பகுதி முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போனது. மீதிக்கு பி.எஃப். இருக்கிறது என்று நம்பியிருந்தோம். கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். முப்பத்தோரு வருடமும் மாதா மாதம் சம்பளத்தில் பிடித்தார் முதலாளி. கட்டியது ஒன்பது வருடத்துக்குத்தான். கேட்கப் போனால், 'கண்டக்டர் கலெக்‌ஷன்ல அடிச்ச காசுக்கு நான் கணக்குக் கேட்டனா' என்கிறார். மீதிச் சில்லறையைப் பயணியிடம் கொடுப்பதற்காக ஸ்டாப்பில் இறங்கி ஓடிய ஆளைப் பார்த்துச் சொன்ன சொல் அது. அப்பா மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆணுக்கு இது வந்தால் மரபணுப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். டாக்டர் 'குடும்பத்தில் யாருக்காவது?' என்று கேட்டபோது நாங்கள் அம்மா பக்கத்தையே எண்ணிக்கொண்டிருந்தோம். அப்பாவின் அக்கா நாற்பத்தி நாலு வயதில் 'மாரில் புண்' வந்து போனவர். அது என்னவென்று அன்றைக்கு யாரும் பெயர் சொல்லவில்லை. அப்பாவுக்கு பிஆர்சிஏ2 என்ற மரபணுவில், இந்த நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற மாற்றம் இருப்பதாக வந்தது. அப்பாவிடமிருந்து மகளுக்கும் மகனுக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. நானும் தம்பியும் ரத்தம் கொடுத்தோம். ரிசல்ட்டை இங்கே சொல்லப்போவதில்லை. கமெண்டில் கேட்காதீர்கள்.

உங்களுக்கு: தோல் டாக்டரிடம் போகாதீர்கள், பொது அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். காம்பு உள்ளே போயிருக்கிறதா, நீர் கசிகிறதா, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். அப்பா வழியில் அத்தை, பாட்டி யாருக்காவது இருந்ததா என்று கேட்டு வைத்துக்கொண்டு போங்கள். அதற்காகவாவது வீட்டில் சொல்லித்தான் ஆக வேண்டும். மேமோகிராம் எழுதினால் கூச்சப்படாமல் போய் உட்காருங்கள். ஃபாரத்தில் அந்தக் கட்டம் இன்னும் இருக்கும். ஒரு கோடு போட்டால் போதும், கையெழுத்தெல்லாம் வேண்டாம்.